கன்டெய்னருக்குக் கழுத்து கிடையாது

1. இரண்டு சுற்று

ஆயுதபூஜை அன்று காலை ஏழு மணிக்குத்தான் மழை விட்டது. ரோலர் கோஸ்டர் தண்டவாளத்தின் கடைசிப் பகுதியில், பிரேக்குக்குப் பக்கத்தில், கையில் ஸ்பேனரோடு உட்கார்ந்திருந்தேன். வெறும் வண்டியை ஒருமுறை ஓடவிட்டுப் பார்த்ததில், நிற்க வேண்டிய கோட்டைத் தாண்டி ஒரு பெட்டி நீளம் போய் நின்றது. பத்து மணிக்குப் பூஜை. பூஜை முடிந்ததும் ஊழியர்களின் குடும்பத்தார் ஏறப் போகிறார்கள். என் மனைவி வசந்தாவும் வருகிறாள்.

என் பெயர் தேவராஜ். திருவொற்றியூர்க்காரன். துறைமுகத்தில் கிரேன் பிரேக் ஃபிட்டராகப் பதினோரு வருடம் கான்ட்ராக்டில் இருந்துவிட்டு, எண்ணூர் போகும் வழியில் கடலோரமாக இருந்த ஒரு பொழுதுபோக்குப் பூங்காவுக்கு வேலைக்கு வந்தேன். பூங்காவின் பெயர் இங்கே வேண்டாம். இப்போது ரிட்டயர் ஆகி வீட்டில் இருக்கிறேன். பிரேக் வேலைக்கு வரும் பிள்ளைகள் படிக்கட்டும் என்று இதை எழுதுகிறேன். படித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாலும் பரவாயில்லை. நான் செய்ததை நீங்கள் செய்யாமல் இருந்தால் போதும்.

ரோலர் கோஸ்டர் வண்டிக்கு இன்ஜின் கிடையாது. ஒரு சங்கிலி அதை உச்சிக்கு இழுத்துக்கொண்டு போய் விட்டுவிடும். அங்கிருந்து தன் எடையில் தானே விழுந்து ஓடும். வண்டியில் பிரேக்கும் கிடையாது. பிரேக் இருப்பது தண்டவாளத்தில். வண்டியின் அடியில் நீளமாக ஓர் இரும்புத் தகடு இருக்கும். அதை ஃபின் என்போம். வண்டி உள்ளே வரும்போது தண்டவாளத்தில் இருக்கும் இரண்டு பேட்கள் அந்த ஃபின்னை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும். ஸ்பிரிங்தான் கவ்வும். காற்றழுத்தம் அதைத் திறந்து வைத்திருக்கும். கரண்ட் போனாலும் காற்று போனாலும் ஸ்பிரிங் தானாகக் கவ்விக்கொள்ளும், ஆபத்து இல்லை. துறைமுக கிரேனிலும் இதே கதைதான். அதனால்தான் என்னை வேலைக்கு எடுத்தார்கள்.

மழையில் ஃபின் நனைந்திருந்தால் பேட் வழுக்கும். கிரேனில் அப்படி வழுக்கினால் நாங்கள் யோசிக்கவே மாட்டோம், ஸ்பிரிங் நட்டை இறுக்குவோம். தூக்கிய சரக்கு கீழே இறங்கிவிடக் கூடாது, அது ஒன்றுதான் பயம். அந்தப் பழக்கத்தில் அன்று காலையும் நட்டை இரண்டு சுற்று இறுக்கினேன்.

எங்கள் பூங்காவில் ஒரு வழக்கம் உண்டு. பிரேக்கில் கை வைத்தவன்தான் அன்றைய முதல் டிரிப்பில் கடைசி சீட்டில் உட்கார்ந்து போய்வர வேண்டும். கடைசி சீட்டில்தான் உதறல் அதிகம். நானும் உட்கார்ந்து போனேன். வண்டி கோட்டில் வந்து வெண்ணெய் மாதிரி நின்றது. இறங்கிக் கை கழுவிவிட்டு, வண்டியை இயக்கும் பேனலுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துப் பூஜையை முடித்தோம். சக்கரம் ஏறிப் பழம் நசுங்கியதும் எல்லோரும் கை தட்டினார்கள்.

பதினோரு மணிக்கெல்லாம் வெயில் சுள்ளென்று அடித்தது. வண்டி மூன்று டிரிப் போய்விட்டு வந்தது. பேனலில் இருந்த பாஷா ராயபுரத்துக்காரன், வயதில் என்னைவிடச் சின்னவன், என்னை மாமு என்றுதான் கூப்பிடுவான்.

"மாமு, வண்டி வெடுக்குனு நிக்கிது பா. காலைல இப்டி இல்ல."

"நிக்கிதில்ல? அது போதும். வுடு."

இந்தப் பதிலுக்காகத்தான் இத்தனை வருடம் கழித்தும் எனக்கு என் மேலேயே கோபம் வருகிறது. காலையில் ஈரத்துக்காக இறுக்கிய பிரேக்கை, காய்ந்த பிறகு நான் தளர்த்தவில்லை. ஈரம் போனதும் அதே ஸ்பிரிங் இரண்டு மடங்கு கடித்தது. வழக்கப்படி முதல் டிரிப்பில் உட்கார்ந்துவிட்டேன், என் கடமை முடிந்தது என்று நினைத்துவிட்டேன்.

நாலாவது டிரிப்பில் வசந்தா ஏறினாள். மஞ்சள் புடவை, தலை நிறைய மல்லி. மூன்றாவது வரிசை. சுற்றி முடித்து வண்டி பிரேக்குக்குள் நுழையும்போது நான் பிளாட்ஃபாரத்தில் நின்று கையைத் தூக்கிக் காட்டினேன். அவள் என்னைத் தேடிக் கழுத்தைத் திருப்பினாள். அந்த நேரத்தில் பிரேக் கவ்வியது.

வழக்கமாக மூன்று செகண்டில் நிற்கிற வண்டி ஒன்றரை செகண்டில் நின்றது. மற்றவர்கள் முன்னால் குலுங்கிவிட்டு ஓவென்று சிரித்தார்கள். வசந்தா சிரிக்கவில்லை. திரும்பிய கழுத்து திரும்பியபடியே இருந்தது. நான் ஓடிப்போய் லாக்கைத் திறந்தபோது, "யோவ், நேரா பாக்க முடில" என்றாள், மெதுவாக, பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்கக் கூடாது என்கிற மாதிரி.

2. காலர்

எலும்பில் ஒன்றும் இல்லை, தசைப்பிடிப்புதான் என்றார் டாக்டர். ஆறு வாரம் கழுத்தில் காலர் போட வேண்டும், குனியக் கூடாது என்றார். கேட்டதும் எனக்கு நிம்மதி. வீட்டுக்கு வந்த பிறகுதான் குனியக் கூடாது என்பதன் அர்த்தம் புரிந்தது. வசந்தா டெய்லர். தீபாவளிக்கு மூன்று வாரம் இருந்தது. வீட்டில் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய பையில் தெருவே கொடுத்து வைத்திருந்த ஜாக்கெட் துணிகள். குனியாமல் எப்படித் தைப்பது?

அந்தத் துணிகளை வீடு வீடாகப் போய்த் திருப்பிக் கொடுத்தது நான்தான். ஒவ்வொரு வாசலிலும் ஒரே கேள்வி.

"இன்னா தேவராஜு, வசந்தாக்கு இன்னாச்சு?"

"கயுத்துல புடிப்பு கா."

"எப்டி?"

"வேல எடத்துல..."

வேலை செய்த இடம் என்னுடையது, கழுத்து அவளுடையது என்று யாரிடமும் சொல்லவில்லை. பூங்காவின் வேலைப் பதிவுப் புத்தகத்தில் மட்டும் 'ஸ்பிரிங் அதிகம் இறுக்கியது என் தவறு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தேன். அன்று மேனேஜராக இருந்தவர் அதைப் படித்துவிட்டு, "அந்தம்மா ஏன்யா திரும்பிப் பாத்தாங்க? நேரா உக்காரச் சொல்லி போர்டு வெச்சிருக்கோம்ல?" என்றார். அவள் திரும்பிப் பார்த்தது என்னை. அதை அவரிடம் சொல்லி என்ன ஆகப் போகிறது?

மூன்றாவது வாரம் ஒரு மத்தியானம், காலரோடு சேரில் உட்கார்ந்து, தையல் மெஷினின் கைச்சக்கரத்தைச் சும்மா உருட்டிக்கொண்டிருந்தாள். நான் சோறு வடித்துக்கொண்டிருந்தேன்.

"யோவ், இங்க வா. ஒன்னு கேக்கறேன். உன் வண்டி அன்னிக்கு ஏன் அப்டி நின்னுது?"

கஞ்சித் தண்ணீரை இறக்கி வைத்துவிட்டு வந்து சொன்னேன். ஈரம், இரண்டு சுற்று, வெயில், பாஷா சொன்னது, நான் சொன்ன பதில், எல்லாவற்றையும் சொன்னேன்.

"இத்த அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல? நான் திரும்புனதாலதான் இப்டி ஆச்சுன்னு மூணு வாரமா நெனச்சிகினு கீறேன்."

அது எனக்குக் காலரைவிடக் கனமாக இருந்தது. மன்னிப்பு கேட்டேன். கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவளிடம் அந்த வார்த்தையை நான் சொன்னதில்லை. அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் மெஷினைக் காட்டினாள்.

"தபாரு. சக்கரம் ஓடிகினு கீது. நான் டபக்குனு புடிச்சா இன்னா ஆவும்? ஊசி ஒடியும், நூலு அறுந்துடும். அதனால உள்ளங்கைய வெச்சி, லேசா தேச்சிகினே வந்து, கடைசிலதான் புடிப்பேன். நீ எடுத்த எடுப்புலயே புடிக்கிற. உனுக்கு சரக்கு தூக்கியே பழக்கம்."

"கன்டெய்னருக்குக் கயுத்து கெடையாது மே" என்றேன்.

"எனக்குக் கீது" என்றாள்.

வேலைக்குப் போனதும் அவள் சொன்னதைச் செய்து பார்த்தேன். எங்கள் பிரேக்கில் மூன்று ஜோடிப் பேட்கள் வரிசையாக இருந்தன. மூன்றும் ஒரே இறுக்கம். மேனுவலில் அனுமதித்த அளவுக்குள், முதல் ஜோடியைத் தளர்வாகவும், இரண்டாவதை நடுத்தரமாகவும், மூன்றாவதை மட்டும் நன்றாகப் பிடிக்கும்படியும் மாற்றி, சூப்பர்வைசரைக் கூப்பிட்டுச் சரிபார்த்தோம். மணல் மூட்டை ஏற்றி நாள் முழுக்க ஓட்டினோம். வண்டி கோட்டைத் தாண்டவில்லை, ஆனால் நிற்க ஒரு செகண்ட் அதிகம் எடுத்துக்கொண்டது. அந்த ஒரு செகண்டில்தான் மனிதர்களின் கழுத்து பிழைக்கிறது. அதோடு நானே ஒரு வழக்கத்தையும் சேர்த்துக்கொண்டேன். காலையில் ஒருமுறை, வெயில் ஏறியதும் இன்னொருமுறை, கடைசி சீட்டில் உட்காருவேன். நட்டில் சாக்பீஸால் கோடு போட்டு, எவ்வளவு திருப்பினேன் என்பதை நோட்டில் எழுதுவேன்.

காலரைக் கழற்றினார்கள். வசந்தா மறுபடி தைக்க ஆரம்பித்தாள். எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்றுதான் வெளியிலிருந்து பார்த்தால் தோன்றும். ஒரு விஷயம் மட்டும் ஆகவில்லை. முன்னெல்லாம் பைக்கில் பின்னால் உட்கார்ந்தால் என் தோளில் கை வைத்துக்கொள்வாள். இப்போது பின்னால் இருந்த கேரியர் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். நான் பிரேக்கில் கால் வைப்பதற்கு முன்பே அவள் உடம்பு விறைப்பது எனக்கு முதுகில் தெரியும். நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. பல வருடம் அப்படியே போனது.

3. செப்புக் குழாய்

பூங்காவில் இரண்டாவது ரோலர் கோஸ்டர் வந்தது. பழையதைவிட உயரம், வேகமும் அதிகம். அதை நிறுவ வந்த இன்ஜினியர் கவிதா, கோயம்புத்தூர்ப் பெண். பிரேக்கைக் காட்டச் சொன்னேன். தண்டவாளத்தில் இரண்டு வரிசை காந்தங்களைக் காட்டியது. வண்டியின் அடியில் இருந்த ஃபின் செம்பு கலந்த உலோகத் தகடு. காந்தத்துக்கும் தகட்டுக்கும் நடுவே விரல் போகும் அளவுக்கு இடைவெளி.

"பேட் எங்கம்மா?"

"பேட் இல்லீங்ண்ணா. ரெண்டும் தொடவே தொடாது."

"தொடாம எப்படிம்மா புடிக்கும்?"

கவிதா தன் பையிலிருந்து ஒரு முழம் செப்புக் குழாயையும் சுண்டு விரல் அளவு காந்தத்தையும் எடுத்தது. முதலில் ஒரு போல்ட்டைக் குழாய்க்குள் போட்டது. டக்கென்று கீழே விழுந்தது. பிறகு காந்தத்தைப் போட்டது. காணோம். குனிந்து பார்த்தால் குழாய்க்குள் அது மெல்ல, சாவகாசமாக இறங்கி வந்துகொண்டிருந்தது.

"செம்பு காந்தத்துல ஒட்டாதுங்ண்ணா. ஆனா காந்தம் அதுக்குப் பக்கத்துல நகர்ந்தா செம்புக்குள்ள கரண்ட் உண்டாகி அதைத் தடுக்கும். எவ்வளவு வேகமா வருதோ அவ்வளவு பலமாத் தடுக்கும். வேகம் கொறையக் கொறையத் தடுப்பும் கொறஞ்சிரும். மழையா இருந்தாலும் வெயிலா இருந்தாலும் ஒண்ணுதானுங்க."

கடைசி வரியைக் கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. கவிதா பார்த்துவிட்டு, கண்ணில் தூசியா என்று கேட்டது. ஆமாம் என்றேன். மணலி ஆலைகள் பக்கத்திலிருந்து காற்றடிக்கும் நாட்களில் எங்களுக்கு அந்தப் பொய் வசதியாக இருக்கும்.

அன்று சாயங்காலம் இரவல் வாங்கிக்கொண்டு வந்து வசந்தாவிடம் குழாயையும் காந்தத்தையும் கொடுத்தேன். அவள் காந்தத்தை உள்ளே போட்டுவிட்டுக் கீழே கை நீட்டினாள். வரவில்லை. குழாயைக் காதில் வைத்துக் கேட்டாள். அப்புறம் அவள் உள்ளங்கையில் காந்தம் பொத்தென்று வந்து உட்கார்ந்தது.

"யாரு உள்ள புடிச்சிகினு கீறது?"

"யாரும் புடிக்கல மே. தொடக்கூட இல்ல."

மறுபடி போட்டாள். மறுபடியும் போட்டாள். பத்துத் தடவையாவது இருக்கும். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூட இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

"ஆனா நிக்க மாட்டேங்குதே. மெதுவா போய்கினேதான் கீது" என்றாள்.

கவிதாவிடம் நாற்பது நிமிடம் பாடம் கேட்டு நான் புரிந்துகொண்டதை அவள் பத்துத் தடவையில் பிடித்துவிட்டாள். காந்த பிரேக்கால் வண்டியை முழுசாக நிறுத்த முடியாது. மணிக்கு எழுபது கிலோமீட்டர் வேகத்தை மனிதன் நடக்கிற வேகத்துக்குக் கொண்டுவந்து விடும், அவ்வளவுதான். அங்கே தடுக்கும் சக்தி தீர்ந்துவிடும். அதற்குப் பிறகு பழைய மாதிரி ஒரு ஜோடி பேட் தேவை. பேட் பிரேக் அப்படி இல்லை. வேகமாக வந்தாலும் மெதுவாக வந்தாலும் ஏறக்குறைய ஒரே பலத்தோடு கவ்வும், நின்ற பிறகும் விடாது. ஒன்றுக்கு வேகம்தான் பலம், இன்னொன்றுக்கு நிற்பதுதான் வேலை.

"கடைசில ஒரு கை வோணும்னு சொல்லு" என்றாள் வசந்தா.

"அது என் கைதான்."

அவள் அடுப்பைத் துடைக்கப் போய்விட்டாள். ஒரு நாள் ஏறிப் பாக்கறியா என்று பின்னாலேயே போய்க் கேட்டேன்.

"சூடு கண்ட பூனை அடுப்பாண்ட போவுமாயா?" என்றாள். ஆனால் காந்தத்தை என்னிடம் திருப்பித் தரவில்லை. கவிதாவிடம் கேட்டு அதை எங்களுக்கே வைத்துக்கொண்டேன். ஊசி கீழே விழுந்தால் தேடுவதற்கு அதைத்தான் இன்றும் வைத்திருக்கிறாள்.

4. எட்டு செகண்ட்

புது வண்டி ஓட ஆரம்பித்த முதல் கோடை விடுமுறையில் கூட்டம் தாங்கவில்லை. அப்போது வேறு மேனேஜர். கையில் ஸ்டாப்வாட்சோடு பிளாட்ஃபாரத்துக்கு வந்தார்.

"தேவராஜ், வண்டி உள்ள வந்தப்புறம் நடந்து வர மாதிரி வருது. ஒரு டிரிப்புக்கு எட்டு செகண்ட் வேஸ்ட். காந்தம் முடியறதுக்கு முன்னாடியே அந்த கடைசி பேடை பிடிக்க வைங்க."

"வண்டி வேகத்துல இருக்கும்போதே பேட் கவ்வும் சார். உதறும்."

"லேசாதானே உதறும்? ரைடுன்னா கொஞ்சம் த்ரில் வேணும்ல?"

முன்பு என்றால் சரி சார் என்றிருப்பேன். அந்தக் கோடையில் வாயில் வேறு பதில் வந்தது.

"சார், கம்பெனி குடுத்த அளவுக்குள்ள எவ்வளவு முன்னாடி கொண்டுவர முடியுமோ அவ்வளவு கொண்டுவரேன். ஆனா இங்க ஒரு வழக்கம் இருக்கு. செட்டிங் யாருதோ அவங்கதான் மொத டிரிப்புல கடைசி சீட்டு. இது உங்க செட்டிங் சார்."

பேனலில் இருந்த பாஷா தலையைக் குனிந்துகொண்டான். அவன் தோள் மட்டும் குலுங்கியது. மேனேஜர் எல்லோர் முன்னாலும் மாட்டேன் என்று சொல்ல முடியாமல் டையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு ஏறினார். அனுமதித்த அளவின் ஓரத்தில்தான் வைத்திருந்தேன், ஒரு நூல் அதிகம் இல்லை. வண்டி வந்து நின்றது. இறங்கியவர் பிடரியைத் தடவிக்கொண்டே நின்றார்.

"பழைய செட்டிங்கையே வெச்சிடுங்க" என்றார். நல்ல மனிதர்தான், அதற்குப் பிறகு ஸ்டாப்வாட்சை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் வரவில்லை.

5. கடைசி சீட்

நான் ரிட்டயர் ஆகிற வருடத்து ஆயுதபூஜை. முந்தின நாள் வசந்தா மாவு அரைத்துக்கொண்டே கேட்டாள்.

"நாளைக்கு நீ எந்த சீட்ல குந்துவே?"

"கடைசி சீட்டு. எப்பவும் அதான்."

"பக்கத்து சீட்டு காலியா இருக்குமா?"

கிரைண்டர் சத்தத்தில் சரியாகத்தான் கேட்டேனா என்று சந்தேகம். கிரைண்டரை நிறுத்திவிட்டு மறுபடி கேட்டேன். "இன்னும் ஒரு தரம் கேட்டே, வர மாட்டேன்" என்றாள். கிரைண்டரை மறுபடி போட்டேன்.

மறுநாள் காலையிலும் மழை. காந்தத்துக்கு மழை தெரியாது, சரி. கடைசிப் பேடுக்குத் தெரியுமே. ஈரத்தில் ஒருமுறை போய் வந்தேன். நட்டில் கை வைக்கவில்லை. நடக்கிற வேகத்துக்கு ஈரப் பேடே போதும். வெயில் வந்தது. காய்ந்ததும் இன்னொருமுறை போய் வந்தேன். பாஷா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மாமு, இன்னொரு தபா போனா உன்னிய டிக்கெட் எடுக்க சொல்லுவாங்க. அண்ணிய கூட்டினு வா" என்றான்.

வசந்தா மஞ்சள் புடவை கட்டவில்லை. நீலம். லாக் பாரை நானே இறக்கி இரண்டு முறை இழுத்துப் பார்த்தேன். சங்கிலி மேலே இழுக்கும்போது அவள் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தூரத்தில் துறைமுகத்துக்கு வெளியே கப்பல்கள் நின்றிருந்தன. உச்சியில் கண்ணை மூடிக்கொண்டாள். கீழே விழும்போது என் பெயரைச் சொல்லிக் கத்தினாள். பெயரைச் சொல்லி அவள் என்னைக் கூப்பிட்டது அன்று ஒருமுறைதான்.

கடைசி வளைவைத் தாண்டி பிரேக்குக்குள் நுழைந்தோம். காந்த வரிசையில் காற்று குறைவதுபோல வேகம் இறங்கிக்கொண்டே வந்தது. அப்புறம் நடை. அப்புறம் பேட். பாஷா லாக்கைத் திறந்ததும் எல்லோரும் இறங்க ஆரம்பித்தார்கள். வசந்தா இன்னும் கண்ணை இறுக்கி மூடி, பாரைப் பிடித்தபடியே இருந்தாள்.

"மே, எறங்கு."

"இன்னும் நிக்கலயே?"

"நின்னு எவ்ளோ நேரம் ஆச்சு."

அவள் கண்ணைத் திறந்து பக்கத்தில் பார்த்தாள், கீழே பார்த்தாள். கழுத்தை இடது பக்கம் திருப்பினாள், வலது பக்கம் திருப்பினாள். "ஒன்னுமே தெர்லியேயா" என்றாள்.

பிரேக் வேலையில் எனக்குக் கிடைத்த ஒரே சர்டிஃபிகேட் அதுதான். பிள்ளைகளே, நீங்கள் கற்றுக்கொள்ள இதில் இருப்பது கொஞ்சம்தான். வேகமாக வருவதை எடுத்தவுடன் பிடிக்காதீர்கள், முதலில் அதன் வேகத்தை வாங்குங்கள், பிறகு பிடியுங்கள். காலையில் இறுக்கியதை மத்தியானம் போய்ப் பாருங்கள். யாராவது வெடுக்கென்று நிற்கிறது என்று சொன்னால் வண்டியை நிறுத்திவிட்டுக் காது கொடுத்துக் கேளுங்கள். தப்பு உங்களுடையதாக இருந்தால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள், மூன்று வாரம் யாரையும் காக்க வைக்காதீர்கள்.

அன்று சாயங்காலம் பைக்கில் வீட்டுக்குத் திரும்பினோம். திருவொற்றியூர் ரயில்வே கேட்டுக்குக் கொஞ்சம் முன்னால் மணி அடித்து, கேட் இறங்க ஆரம்பித்தது. எங்களுக்கு முன்னால் ஒரு ஷேர் ஆட்டோ நின்றது. மெதுவாகப் பிரேக்கில் கால் வைத்து நிறுத்தினேன். சரக்கு ரயில் ஒன்று பெட்டி பெட்டியாகப் போய்க்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் கவனித்தேன், அவள் கை என் தோளில் இருந்தது. எப்போது வைத்தாள் என்று எனக்குத் தெரியவில்லை.